தேதி போடாத சாட்சி

லிஃப்ட் கூண்டின் மேல் குந்தியிருக்கும் ஒருவனுக்குப் போன் வரக்கூடாது. வந்தாலும் அவன் எடுக்கக்கூடாது. எடுத்தாலும் மறுமுனையில் அம்மாவாக இருக்கக்கூடாது. வெள்ளிக்கிழமை காலையில் மூன்றும் சேர்ந்தே நடந்தது, அதுவும் மூன்றாவது முறையாக.

"காலர் வைக்கவா, வெறும் பட்டியோட விட்டுடவா?" என்றாள் அம்மா. வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு பேசுகிறாள் என்பது குரலிலேயே தெரிந்தது. தையல்காரியின் மகனுக்கு இதுகூடவா தெரியாது.

"எதுக்கு?"

"எதுக்கா? நாளன்னைக்கு மேடையில நிக்கப்போற சட்டைக்குடா!"

"அம்மா, நான் அஞ்சாவது மாடிக்கும் ஆறாவது மாடிக்கும் நடுவுல இருக்கேன்."

"எங்க இருந்தா என்ன, வாய் கூடவேதானே இருக்கு? காலரா, பட்டியா?"

"பட்டி."

"காலர்தான் எடுப்பா இருக்கும்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அம்மாவின் வழக்கம் அது. கேட்பாள். பதில் வந்ததும், தான் ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருப்பதைச் சொல்வாள். எதற்குத்தான் கேட்கிறாளோ, ஆண்டவருக்கே வெளிச்சம். பெரியவன் போனைப் பைக்குள் திணித்துவிட்டு, ஆறாவது மாடிக் கதவின் பூட்டுக்கு எண்ணெய் விடப் போனான்.

வீட்டில் அவன் பெரியவன். சபையில் அவனுக்குப் பெயர் குட்டிப் பாஸ்டர். இருபத்தொன்பது வயதாகி, முன்தலையில் முடி கொட்ட ஆரம்பித்த பிறகும் குட்டிப் பாஸ்டர்தான். காரணம், வயிற்றில் இருக்கும்போதே அவன் ஊழியத்துக்கு ஒப்புக்கொடுக்கப்பட்ட பிள்ளை. ஏழாம் மாதம் அம்மாவுக்கு விஷக்காய்ச்சல் கண்டு, தாயும் தேறாது பிள்ளையும் தேறாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டாராம். பிழைத்து வந்தால் இந்தப் பிள்ளை உமக்கே என்று அம்மா வேண்டிக்கொண்டாளாம். இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு அவனுக்குக் காது புளித்துவிட்டது. சபைக்குப் புதிதாக ஒரு குடும்பம் வந்தால் போதும், அம்மா அவனை இழுத்துக்கொண்டு போய் நிறுத்திக் கதையை முதலிலிருந்து ஆரம்பிப்பாள். அவன் கடைக்குக் கொண்டுவந்த சாமானைப்போல நிற்பான்.

அதோடு விட்டார்களா? ஐந்து வயதில் நாற்காலிமேல் ஏற்றி ஜெபிக்கச் சொன்னார்கள். கோலி விளையாடினால் "ஊழியக்காரன் பண்ற வேலையா இது?" சண்டை போட்டால் "ஊழியக்காரன் கையை ஓங்கலாமா?" பரீட்சையில் கணக்கில் கோட்டை விட்டபோது மட்டும் "ஊழியக்காரனுக்குக் கணக்கு எதுக்கு?" என்று அம்மாவே சமாதானம் சொல்லிக்கொண்டாள். பள்ளிப் படிப்பை முடித்ததும் அவன் வேதாகமக் கல்லூரிப் பக்கம் தலைவைத்துப் படுக்காமல் லிஃப்ட் கம்பெனியில் பயிற்சிக்குச் சேர்ந்தான். "ஆண்டவர் பொறுமையா இருக்கார், பாத்துக்கோ" என்றாள் அம்மா. பதினோரு வருஷமாக அவர் பொறுமையாகத்தான் இருந்தார். ஆளாளுக்கு அவனிடம் வந்து எப்போது எப்போது என்று உயிரை வாங்கியவர்கள் மற்றவர்கள்.

இதில் கொடுமை என்னவென்றால், அவன் அவிசுவாசி இல்லை. இரண்டு மாடிகளுக்கு நடுவே லிஃப்ட் நின்று உள்ளே ஆள் மாட்டிக்கொண்டால், கம்பெனியில் முதலில் அவனைத்தான் அனுப்புவார்கள். கதவுக்கு வெளியே நின்று, சாவியைத் தொடுவதற்கு முன்னால் மனதுக்குள் ஒரு வரி ஜெபிப்பான். பிறகு பேசுவான். எப்போதும் அதே வார்த்தைகள். உள்ளே எத்தனை பேர் இருக்கிறீர்கள், யாருக்காவது மயக்கமாக இருக்கிறதா, கதவைத் தள்ளாதீர்கள், நான் இங்கேயேதான் இருக்கிறேன், போகமாட்டேன். உள்ளே அலறிக்கொண்டிருப்பவர் அந்தக் கடைசி வார்த்தையில் அடங்குவார். அதைக் கேட்கும்போதெல்லாம், இதற்காகத்தான் நான் பிறந்தேன் என்று அவனுக்குத் தோன்றும். ஆனால் வெளியே சொன்னால் சிரிப்பார்கள். கருப்பு மசகு அப்பிய கையோடு ஊழியமா?

போன வருஷம்வரை எப்படியோ பிடிகொடுக்காமல் தப்பித்தான். அப்புறம் அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். கட்டிலில் படுத்துக்கொண்டு, "வேண்டுதலை நான் இன்னும் செலுத்தலடா, அதான் இது" என்று அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். அப்பா போய் ஒன்பது வருஷம். இருப்பது ஒரே அம்மா. அவன் என்ன செய்வான்? சரி என்றான். விண்ணப்பம் போனது, இடம் கிடைத்தது, மூன்று வருஷப் படிப்பு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அவன் சாட்சி சொல்ல வேண்டும். பாஸ்டர் தலையில் கைவைத்து ஜெபித்து அனுப்பிவைப்பார். ராஜினாமா கடிதம் நான்காக மடிந்து கருவிப் பையில் ஸ்க்ரூ டிரைவருக்குப் பக்கத்தில் கிடந்தது. சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் மேனேஜர் கையில் கொடுத்தாக வேண்டும். கொடுத்துவிட்டால் பதினோரு வருஷம் அத்தோடு சரி.

சாட்சி எழுத அவன் நான்கு நாள் சாயங்காலம் உட்கார்ந்தான். "நான்" என்று எழுதினான். அடித்தான். "சிறு வயதுமுதல் நான்" என்று எழுதினான். அதையும் அடித்தான். கடைசியில் தங்கையிடம் சரணடைந்தான்.

தங்கை அவனுக்கு இரண்டு வயது இளையவள். கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, எழுத்துப் பலகையில் கடைசி வரியைப் படிக்கச் சொல்பவள். ஞாயிறு பள்ளியில் வாண்டுகளை மேய்ப்பதும் அவள்தான். எட்டு வருஷமாகச் சனிக்கிழமை தவறாமல் ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டுக்குப் போய்க் கட்டில் கட்டிலாக உட்கார்ந்து ஜெபித்துவிட்டு வருவாள். பத்தொன்பது வயதில் அவளும் வேதாகமக் கல்லூரிக்கு எழுதிப்போட்டு, இடமும் கிடைத்தது. "ஒரு வீட்டுக்கு ஒரு ஊழியக்காரன் போதும்" என்று அம்மா கடிதத்தை மடித்து எங்கேயோ வைத்துவிட்டாள். தங்கை அழவில்லை. அடுத்த வாரமே கண்ணாடிக் கடைக்கு வேலைக்குப் போய்விட்டாள். அப்போது அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லித்தானே ஆகவேண்டும்.

அவள் ஒரே மூச்சில் நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தாள். அவன் முதல் பக்கத்தை மட்டும் வாசித்துப் பார்த்துவிட்டு விழித்தான்.

"பாப்பா, 'என் பத்தொன்பதாம் வயதில் அழைப்பின் சத்தத்தைத் தெளிவாகக் கேட்டேன்'னு எழுதியிருக்கே. எனக்கு எப்ப கேட்டுச்சு? பத்தொன்பது வயசுல நான் மோட்டார் காயில் சுத்தப் பழகிட்டிருந்தேன்."

"வாசி. திக்காம வாசி, போதும்."

"சரி, இது என்ன நடுவுல கோடு? 'இந்தத் தேதியில் என் தாயார் என்னை ஒப்புக்கொடுத்தார்கள்'னு எழுதிட்டுத் தேதி போடலையே?"

"அதை நீ போடு."

"எனக்குத் தேதி தெரியாதே."

"அம்மாவோட பழைய வேதம் பீரோவுல இருக்கு. பின் அட்டைக்கு முந்தின பக்கத்துல அம்மா எழுதி வெச்சிருக்காங்க. பாத்துப் போட்டுக்கோ."

"நீயே பாத்து எழுதிடேன்."

"மாட்டேன்."

"ஒரு தேதி எழுத உனக்கு என்ன கேடு? நாலு பக்கம் எழுதினவளுக்கு நாலு எழுத்து எழுத முடியாதா?"

"முடியாது. தேதியில்லாத சாட்சி ஒரு சாட்சியா? போய்ப் பாரு." அவள் எழுந்து போய்விட்டாள். இவளும் அம்மா மாதிரியே ஆகிக்கொண்டு வருகிறாள் என்று பெரியவன் பல்லைக் கடித்தான்.

அம்மாவிடம் கேட்டான். தையல் மெஷினை மிதித்துக்கொண்டே, "தேதி எதுக்கு? வருஷம் சொன்னா போதும்" என்றாள். எந்த வருஷம் என்றான். "நீ பொறந்த வருஷம்தான், வேற எந்த வருஷம்? தொணதொணன்னு நிக்காதே, தையல் கோணுது" என்றாள். மெஷின் சத்தம் கூடியது.

சனிக்கிழமை மதியம் அம்மா பொத்தான் வாங்கக் கடைக்குப் போனாள். பெரியவன் பீரோவைத் திறந்தான். பழைய துப்பட்டா ஒன்றில் சுற்றி, முதுகுப்பட்டை கழன்ற வேதப்புத்தகம் அடித்தட்டில் இருந்தது. பின்னாலிருந்து திருப்பினான். ஊதா மையில் அம்மாவின் கையெழுத்து. அவன் பிறந்த தேதி. அதன்கீழே அவன் ஞானஸ்நானத் தேதி. அதற்கும் கீழே, "ஏழாம் மாதம். கடும் காய்ச்சல். வயிற்றிலிருக்கும் இந்தப் பிள்ளையை ஆண்டவருடைய ஊழியத்துக்கு ஒப்புக்கொடுக்கிறேன்" என்ற வரி. பக்கத்தில் தேதி.

அவன் அந்தத் தேதியை ஒரு முறை வாசித்தான். விரல்விட்டு எண்ணினான். திரும்பவும் எண்ணினான். கணக்கில் கோட்டை விடுகிறவன்தான், ஆனாலும் இந்த அளவுக்கா? அந்தத் தேதியில் அவனுக்கு இரண்டு வயது முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அவன் அம்மாவின் வயிற்றில் இல்லை. வீட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்திருப்பான். அடுத்த வரியில், சரியாக இரண்டு மாதம் கழித்து, தங்கை பிறந்த தேதி.

லிஃப்ட் மெஷின் அறையில் ஒரு பதிவேடு தொங்கும். யார் எப்போது வந்தார்கள், எந்தப் பாகத்தை மாற்றினார்கள் என்று தேதியும் கையெழுத்தும் போட வேண்டும். ஆள் எப்படி வேண்டுமானாலும் சமாளிக்கலாம், அந்தப் பதிவு சமாளிக்க விடாது. பெரியவன் பீரோ முன்னால் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். முதலில் வந்தது நிம்மதி, அதை மறைப்பானேன். தோளில் இருபத்தொன்பது வருஷமாகக் கிடந்த மூட்டையை யாரோ இறக்கிவைத்தது போலிருந்தது. அந்த நிம்மதி ஒரு நிமிஷம்தான் இருந்தது. பின்னாலேயே கோபம் வந்தது, அதுவும் எப்படிப்பட்ட கோபம்!

அம்மா பொத்தான் பொட்டலத்தோடு உள்ளே வந்தாள். மகன் மடியில் புத்தகத்தைப் பார்த்ததும் செருப்பைக் கழற்ற மறந்து நின்றாள்.

"இது யாரும்மா?" என்று அந்த வரியைக் காட்டினான்.

"எது யாரு?"

"வயித்துல இருந்தது யாரு?"

"அதெல்லாம் பழைய கதை. எடுத்து வை அதை. கிழிஞ்சுடப்போகுது."

"அம்மா!" அவன் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. "இருபத்தொன்பது வருஷமா என்னை நாற்காலியில ஏத்தியிருக்கே! கோலி ஆட விடல. கையை ஓங்க விடல. கல்யாணப் பேச்சு எடுத்தா, படிச்சு முடிக்கட்டும்னு தட்டிக் கழிச்சே. தேதியை மறந்துட்டியா? தப்பா எழுதிட்டியா? எதையாவது சொல்லு!"

அம்மா பொட்டலத்தை மெஷின்மேல் வைத்தாள். "மறக்கல" என்றாள். "தப்பாவும் எழுதல."

"அப்புறம்?"

"ஆம்பளப் புள்ளன்னு நினைச்சுத்தான்டா வேண்டிக்கிட்டேன். பொறந்தது பொண்ணு. பொண்ணை எப்படி அனுப்புறது? தனியா ஊர் ஊரா அலையுமா? யார் யார் வீட்டுல சாப்பிடும், எங்க தூங்கும்? அதான், இதுக்குப் பதிலா இருக்கிற ஆம்பளப் புள்ளைய எடுத்துக்கோ ஆண்டவரேன்னு கேட்டேன். அவரும் ஒண்ணும் சொல்லல."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியும். ஒரு தடவை கேட்டார். நான் அழுதேன். அப்புறம் கேக்கல."

பெரியவனுக்குத் தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போலிருந்தது. அப்போதுதான் வாசலில் தங்கை நிற்பதைப் பார்த்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தாள். தோளில் பை, கையில் குடை. முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"ஒரு வழியா பாத்துட்டியா?" என்றாள்.

"உனக்குத் தெரியுமா?"

"பத்தொன்பது வயசுல. என் காலேஜ் சீட்டு லெட்டரை அம்மா எங்க ஒளிச்சு வெச்சாங்கன்னு தேடும்போது. இந்தப் புத்தகத்துக்குள்ளதான் இருந்துச்சு, அதே பக்கத்துல."

"எட்டு வருஷமா ஏன்டி சொல்லல?"

"சொல்லியிருந்தா? அண்ணன்மேல பொறாமைன்னு அம்மா சொல்லியிருப்பாங்க. நீ மட்டும் என்ன, 'போ பாப்பா'ன்னு சிரிச்சிருப்பே. நீயா அந்தப் பக்கத்தைத் திறக்கணும்னு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வீட்டைச் சுத்தம் பண்ணுறப்ப எல்லாம் அந்தப் புத்தகத்தை உன் கையில குடுப்பேன். நீ தூசி தட்டிட்டு மறுபடி உள்ள வெச்சிடுவே. நீயெல்லாம் மெக்கானிக்!"

"அப்ப அந்த நாலு பக்கம்?"

"யாரோட சாட்சின்னு நினைச்சே?"

அவனுக்கு முகத்தில் அடித்தது போலிருந்தது. அழைப்பின் சத்தம், பத்தொன்பது வயது, யாரிடமும் சொல்லாமல் காத்திருந்தது, அத்தனையும் கண்முன்னால் வந்தது. தனக்காக அவள் இட்டுக்கட்டியது என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தான்.

அம்மா இருவரையும் பார்த்தாள். படுக்கையறைக்குள் போனாள். கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்தது.

நெஞ்சுவலிக்காரி. பெரியவன் ஓடிப்போய்க் கதவைத் தட்டினான். காதை வைத்துக் கேட்டான். மூக்கை உறிஞ்சும் சத்தம். அவனை அறியாமலே வாயில் வேலை வார்த்தைகள் வந்தன.

"உள்ள எத்தனை பேர் இருக்கீங்க?"

"கிண்டலா பண்றே?" என்று உள்ளிருந்து குரல் சீறியது.

"மயக்கமா இருக்கா?"

"இல்ல."

"கதவைத் தள்ளாதீங்க... ஐயோ, கதவைத் திறம்மா. நான் இங்கேயேதான் இருக்கேன். போகமாட்டேன்."

"நீ நாளைக்குப் போய்த்தான்டா ஆகணும்! ஊர் பூரா சொல்லியாச்சு! பாஸ்டர்கிட்ட என்ன முகத்தோட நிப்பேன்? வேண்டுதல் மிச்சம் இருந்தா எனக்கு அந்த வலி மறுபடி வரும்."

தங்கை பையைக் கீழே வைத்துவிட்டு அண்ணன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். குரலை உயர்த்தவில்லை. வார்டில் பேசுகிற குரல் அதுவாகத்தான் இருக்க வேண்டும். அவன் அதுவரை அதைக் கேட்டதில்லை.

"அம்மா, அவர் ஒண்ணும் சொல்லலன்னு சொன்னியே. நீ எங்க அவரைச் சொல்ல விட்டே? சட்டைக்குக் காலரா பட்டியான்னு கேட்ட மாதிரிதான் அவர்கிட்டயும் கேட்டிருக்கே. அவர் பட்டின்னார். நீ காலர் வெச்சுட்டே."

உள்ளே மூக்கு உறிஞ்சும் சத்தம் நின்றது.

"உன் பயம் எனக்குப் புரியுதும்மா. ஆனா ஒண்ணு. அனுப்பாம வெச்சிருந்தியே, அதனால நான் பத்திரமா இருந்தேன்னு நினைக்கிறியா? எட்டு வருஷம் ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்டுப் பாத்துட்டு வீட்டுக்கு வந்து சுவத்தைப் பாத்து அழுதிருக்கேன். அதை யாரும் எழுதி வைக்கல."

அரைமணி கழித்துக் கதவு திறந்தது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராக மெஷினுக்குப் போய் உட்கார்ந்து பொத்தான் தைக்க ஆரம்பித்தாள். "நாளைக்கு அவன்தான் நிப்பான்" என்றாள், யாரையும் பார்க்காமல். ஆறு மணி அடித்தது. ராஜினாமா கடிதம் ஸ்க்ரூ டிரைவர் பக்கத்திலேயே கிடந்தது.

ஞாயிறு காலை பெரியவன் காலர் வைத்த சட்டையைப் போட்டுக்கொண்டான். கழுத்தை அறுத்தது. சபையில் நுழையும்போதே "குட்டிப் பாஸ்டர் இனிமே பெரிய பாஸ்டர்!" என்று நான்கு பேர் முதுகில் தட்டினார்கள். அம்மா மூன்றாவது வரிசையில், துப்பட்டா சுற்றிய புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வேண்டுதல் எழுதிய பக்கத்தை எல்லாருக்கும் காட்டலாம் என்று பாஸ்டர் ஆசையாகக் கேட்டிருந்தார், பாவம். தங்கை கடைசி வரிசையில் ஞாயிறு பள்ளி வாண்டுகளுக்கு நடுவில் இருந்தாள்.

பாஸ்டர் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பெரியவன் மேடைக்குப் போய் நான்கு பக்கத்தையும் பிரித்தான். என்ன செய்யப்போகிறோம் என்று அந்த நிமிஷம்வரை அவனுக்கே தெரியாது. வாசித்தான், எழுதியிருந்தபடியே வாசித்தான். காலியாக இருந்த இடம் வந்ததும் ஊதா மையில் பார்த்த தேதியைச் சொன்னான், நாள், மாதம், வருஷம் எல்லாம். முன்வரிசையில் ஒருத்தி புருவத்தைச் சுருக்கி விரல்விட்டு எண்ணுவது தெரிந்தது. பொய் சொல்லிப் பழகியவர்களும் உண்மையை அப்படியே வாசித்தால் போதும், மீதியை அது பார்த்துக்கொள்ளும் என்று அவனுக்கு அப்போது பட்டது.

இரண்டாம் பக்கத்தைத் திருப்பினான். "எட்டு வருடமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் பெண்கள் வார்டில் நோயாளிகளின் கட்டிலருகே நான் அமர்ந்து..."

சபையில் ஒருவர் சிரித்தார். பிறகு பலர். "பெண்கள் வார்டிலயா? உன்னை எப்படித் தம்பி உள்ள விட்டாங்க?" என்று ஒரு கிழவர் சத்தமாகக் கேட்டேவிட்டார். அவன் நிறுத்தவில்லை. மூன்றாம் கட்டில் பாட்டி, கையை விடாமல் பிடித்துக்கொண்டு இறந்துபோன பெண், குழந்தையை இழந்துவிட்டு யாரோடும் பேசாதிருந்து ஒரு சனிக்கிழமை தண்ணீர் கேட்டவள், எல்லாரையும் வாசித்தான். சிரிப்பு மெல்ல அடங்கியது. பெண்கள் பக்கத்தில் தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. அந்தக் கட்டில்களில் படுத்து எழுந்தவர்கள் அங்கேயே ஐந்தாறு பேர் இருந்தார்கள். அவர்கள் கடைசி வரிசையைப் பார்த்தார்கள்.

பெரியவன் தாளை மடித்தான்.

"இதுல ஒரு வரிகூட என்னோடது இல்லை. நான் வாசிச்ச தேதியில அம்மா வயித்துல இருந்ததும் நான் இல்லை. எழுதினது யாரு, இருந்தது யாருன்னு இப்ப உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். நான் லிஃப்ட் மெக்கானிக். மாட்டிக்கிட்டவங்களை வெளியே எடுக்கிறேன். அதுக்குத்தான் என்னைக் கூப்பிட்டார்னு நம்புறேன். தப்புன்னா அவரே என்கிட்ட சொல்லட்டும். தயவுசெஞ்சு நீங்க ஆளாளுக்குச் சொல்லாதீங்க. எனக்குப் போதும் போதும்னு ஆயிடுச்சு."

பாஸ்டர் நல்ல மனுஷர். ஆனால் ஆராதனை ஒழுங்கில் இப்படியொரு இடம் இல்லை. கையிலிருந்த தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சிஸ்டர்..." என்று மூன்றாவது வரிசையைப் பார்த்து இழுத்தார்.

அம்மா எழுந்தாள். இவள் இப்போது என்ன கூத்து அடிக்கப்போகிறாளோ என்று பெரியவன் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா புத்தகத்தை நாற்காலியில் வைத்தாள். விடுவிடுவென்று கடைசி வரிசைக்குப் போனாள். வாண்டுகளுக்கு நடுவில் புகுந்து மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவனைப் பிடித்த அதே பிடி. நடுப்பாதையில் இழுத்துக்கொண்டு வந்தாள். முகமெல்லாம் கண்ணீர். துடைக்கவில்லை.

"பாஸ்டர்" என்றாள், பாதி வழியிலேயே. "நான் ஆளை மாத்திக் குடுத்துட்டேன். தெரிஞ்சேதான் குடுத்தேன். இவதான் அந்தப் புள்ள. இப்ப குடுக்குறேன், எடுத்துக்கச் சொல்லுங்க."

தங்கை நின்றுவிட்டாள். அம்மா இழுத்தாள், நகரவில்லை.

"கையை விடும்மா" என்றாள் தங்கை. சபை முழுக்கக் கேட்டது.

"வாடி, நானே கொண்டுபோய்..."

"குடுக்குறதுக்கு நான் ஒண்ணும் சாமான் இல்லம்மா. அண்ணனும் இல்ல. என்னை அவர் எப்பவோ கூப்பிட்டாச்சு, நான் வரேன்னும் சொல்லியாச்சு. கையை விடு. நானே நடப்பேன்."

அம்மா விட்டாள். விடுவதற்கு அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. ஒவ்வொரு விரலாகத்தான் விட்டாள்.

தங்கை கசங்கிய கையை உதறிக்கொண்டு மேடையை நோக்கி நடந்தாள். எதிரே இறங்கி வந்த அண்ணனிடமிருந்து அந்த நான்கு பக்கத்தை வாங்கிக்கொண்டாள். "இப்படிக் கசங்க மடிச்சிருக்கே" என்று பல்லைக் கடித்தாள். பிறகு மேலே ஏறி, மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டு, முதல் பக்கத்தின் முதல் வரியிலிருந்து வாசிக்க ஆரம்பித்தாள்.

அம்மா நடுப்பாதையிலேயே நின்றுகொண்டிருந்தாள், காலியான கையை எங்கே வைப்பதென்று தெரியாமல். பெரியவன் அருகே போனான். கோபம் இன்னும் போகவில்லை, காலர் இன்னும் கழுத்தை அறுத்தது. பொத்தானைக் கழற்றிவிட்டு, அம்மாவின் தோளைப் பிடித்து மூன்றாவது வரிசைக்குக் கூட்டிவந்து உட்காரவைத்தான்.

"நான் இங்கேயேதான் இருக்கேன்" என்றான். "அழாம கேளு. அவ வாசிக்கிறா."